நிறுத்தி வைத்த ஆட்டம்

"அதை மட்டும் அணைச்சிடாதீங்க மாமா. அணைச்சா மறுபடியும் முதல்லேர்ந்து சாகணும்."

காலையில் வேலைக்குக் கிளம்பிய மருமகள் இப்படிச் சொன்னதும், டிவிக்கு முன்னால் குனிந்திருந்த மாமனார் கையை இழுத்துக்கொண்டார். தூசி தட்டலாம் என்று பார்த்ததாகச் சொன்னார். அவள் டிவியின் மேல் கிடந்த துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

துண்டுக்கு அடியில் ஒரு சிப்பாய் துப்பாக்கியும் கையுமாக, பாலத்தின் நடுவில், தூக்கிய காலோடு நின்றுகொண்டிருந்தான். ஓடிக்கொண்டே சுட வேண்டிய பழைய காலத்து விளையாட்டு அது. ஒரு குண்டு பட்டால் போதும், இருக்கிற சில உயிர்களில் ஒன்று காலி. விட்ட இடத்தைச் சேமித்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. நிறுத்தி வைக்கலாம், அவ்வளவுதான்.

புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில்தான் வேலை. அவனுக்கு இரவில், உலையடியில். அவளுக்குப் பகலில். அவன் வார்த்துவிட்டுப் போன புட்டிகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, குமிழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புட்டியைப் பார்க்கிற அளவுக்குப் புருஷனைப் பார்க்க முடிந்ததில்லை. வார லீவும் ஆளுக்கொரு நாள். இருப்பது ஒரே வண்டி. தொழிற்சாலை கேட்டில் வண்டிச் சாவியைக் கைமாற்றுகிற நேரம்தான் குடித்தனம். அதிலும் கேஸ் தீர்ந்துபோச்சு, குழாய் ஒழுகுது என்பதற்கு மேல் பேச்சு வளராது. கொஞ்ச நாளாக அதுவும் கடுகடுப்பாகிவிட்டது.

"இதுக்கு நான் எங்க அம்மா வீட்லயே இருந்திருக்கலாம்" என்று ஒரு நாள் சாவியை வாங்கும்போது சொல்லிவிட்டாள். அவன் விறுவிறுவென்று கேட்டுக்குள் போய்விட்டான்.

அதற்கு மறுநாள்தான் அந்த விளையாட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்திருந்தது. அவள் வீடு திரும்பியபோது மாமனார் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிவியில் சிப்பாய் நின்றுகொண்டிருந்தான். வாயால் சமாதானம் சொல்லத் தெரியாத என் புருஷன், இப்படிப் பாதி ஆட்டத்தில் எனக்காக நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். முகத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்த சூட்டில் செத்தாள். திரும்பத் திரும்பச் செத்தாள். எந்தப் பக்கம் போனாலும் குண்டு. தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த விளையாட்டுக் கேசட்டைக் கடையில் எவரும் சீண்ட மாட்டார்களாம். போகிற தலைவலியை யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்களா என்றாள். இவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும், கொண்டுவந்த மனுஷனுக்காக இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று மறுபடி உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் பிடிபட்டது. விளையாட்டு மோசம் செய்யவில்லை. சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு எதிரியும் தோளை லேசாகச் சாய்த்தான். ஓடுகிறவள் கண்ணில் அது படாது. ஒரு நொடி நின்று பார்த்தால் படும். குமிழி பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாமல் போகுமா?

மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். செய்தி பார்க்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை முனகவில்லை. சிப்பாய் தாண்டினால் அவர் காலும் தரையில் ஒரு தாண்டு தாண்டும்.

பகலில் அவன், இரவில் அவள் என்று நிறுத்திய இடத்திலிருந்து ஆட்டம் தொடர, கேட்டில் பேச்சு மாறிவிட்டது.

"பாலத்துல ஓடாதே. கீழேர்ந்து ஒருத்தன் வருவான்" என்பான் அவன்.

"அவனை நேத்தே முடிச்சாச்சு. ரெண்டு உயிர் மிச்சம் வெச்சிருக்கேன். தூங்கி வழிஞ்சு கோட்டை விட்றாதீங்க."

"உன்னை நம்பி வாழறேன், உயிர் மிஞ்சாம போயிடுமா?"

சங்கு ஊதிய பிறகும் சாவி கைமாறாமல் நிற்கும். உள்ளே போகிற ஆள் போகலாமே என்று வாட்ச்மேன் சலித்துக்கொள்வார்.

உலைக்குச் செங்கல் மாற்ற வேண்டும் என்று தொழிற்சாலையை மூடினார்கள். அன்று பகலில் இருவரும் வீட்டில் இருந்தார்கள். தோளோடு தோள் இடிக்கப் பாயில் உட்கார்ந்து ஆடினார்கள். அவன் செத்தால் ஜாய்ஸ்டிக் அவள் கைக்குப் போகும். அவள் செத்தால் அவன் கைக்கு வரும். கடைசிக் கோட்டையும் இடிந்து விழுந்தது. அவள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணு சொல்லவா? முதல் நாளே இதைத் தூக்கிக் கடாசியிருப்பேன். நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்களேன்னுதான் பொறுத்துக்கிட்டேன்."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "நான் எங்க வாங்குனேன்? நீ வாங்கி எனக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்னுல்ல, கண்ணு சொருகச் சொருக உட்கார்ந்து ஆடினேன்."

இரண்டு தலையும் மெல்ல நாற்காலிப் பக்கம் திரும்பின.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "கடையில யாரும் சீண்டாம ஓரமா கிடந்துச்சு. நாமளாவது ஆடிப் பார்ப்போமேன்னு எனக்குத்தான் வாங்குனேன். பாதியில நிறுத்திட்டு ஒரு வாய் சாப்பிடப் போனேன், வந்து பார்த்தா மருமக உட்கார்ந்திருக்கு. விடிஞ்சா நீ உட்கார்ந்திருக்க. அவ உன்னைப் பத்தியும், நீ அவளைப் பத்தியும் சிரிச்சுக்கிட்டே பேச ஆரம்பிச்சீங்க. அப்புறம் எந்த வாயால கேக்கிறது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கையே பார்த்தபடி கேட்டார்: "இப்பத்தான் முடிஞ்சிடுச்சில்ல... நான் ஒரு ஆட்டம் ஆடிக்கட்டுமா?"