அலிகோ எப்படி இருக்கு?

பரிமாறும் பெண் கரண்டியைத் தூக்கினாள். சட்டியிலிருந்து அலிகோ அவள் தலை உயரத்துக்கு இழுபட்டு வந்தது. மசித்த உருளைக்கிழங்கில் புதுப் பாலாடைக்கட்டி சேர்த்துக் கை ஓயக் கிண்டியது.

கத்தரிக்கோலால் வெட்டி, ஃபெர்னானின் தட்டில் இறக்கினாள்.

"மதாமுக்கு?"

"அவளுக்கு வேண்டாம்மா."

அவர் மனைவி சொலாஞ்ஜுக்கு ஆறு மாதமாக வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான் ஆகாரம். தொண்டைக் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்து முடித்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட உள்ளே இறங்குவதில்லை.

ஆனாலும் இந்தப் பயணம் அவள் ஏற்பாடுதான். ஃபெர்னான் ஓய்வு பெற்றதும் போகலாம் என்று இருபது வருடமாக எழுதி வைத்திருந்த பட்டியல். ஊருக்கு ஒரு சாப்பாடு.

"அடுத்த வருஷம்னு ஒண்ணு எனக்கு இருக்கோ இல்லையோ. நீ சாப்பிடு, எனக்குச் சொல்லு. அது போதும்" என்று கிளப்பிவிட்டாள்.

ஃபெர்னான் லு ஆவ்ர் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டியவர். உச்சியில் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. பேச்சே தேவைப்படாது.

இப்போது நான்கு நாளாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்.

'நல்லா இருக்கு' என்றால் அவள் விடுவதில்லை. நாக்கில் முதலில் என்ன தெரிகிறது, கடைசியில் எது நிற்கிறது என்று நோண்டுவாள். அல்சாஸில் மண்சட்டியில் வெந்த மூன்று வகை இறைச்சிக்கு ஏதோ சொன்னார். பிரெஸ் வட்டாரத்துக் கோழிக்கு, அதன் பாலேட்டுக் குழம்புக்கு, ஏதோ சொன்னார். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கார் ஓட்டியதில் வராத களைப்பு அந்த வார்த்தைகளைத் தேடியதில் வந்தது.

இனி ஓப்ராக் மலையில் இந்த மதியம். நாளை காஸ்தெல்நோதரி ஊரில் கடைசிச் சாப்பாடு. போதும் என்றிருந்தது அவருக்கு.

சொலாஞ்ஜ் தட்டின் மேல் குனிந்து ஆவியை ஒருமுறை இழுத்துக்கொண்டாள். சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

"ம், சொல்லு."

ஃபெர்னான் ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

"முதல்ல பூண்டுதான் வருது. நல்லா தூக்கலா. அப்புறம் மெதுவா வெண்ணெய்..."

தண்ணீர் வைக்க வந்த அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா, முன்னாடியே சொல்லியிருக்கணும். இன்னிக்குப் பூண்டு தீர்ந்துபோச்சு. போடாமலேதான் கிண்டினாங்க. சப்புன்னு இருக்கா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

அவள் போய்விட்டாள். ஃபெர்னானால் தட்டிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

பிப்ரவரியில் வந்த காய்ச்சல் போகும்போது அவருடைய வாசனையையும் ருசியையும் சேர்த்து எடுத்துப் போயிருந்தது. கோழியும் ஊறவைத்த காகிதமும் அவருக்கு ஒன்றுதான். தொண்டையடைத்துக் கிடப்பவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். நான்கு நாளாகச் சொன்னதெல்லாம் பெட்ரோல் போட்ட இடத்தில் வாங்கிய சமையல் புத்தகத்திலிருந்து, அவள் கழிப்பறைக்குப் போன நேரங்களில் படித்தது.

சொலாஞ்ஜ் கண்ணைத் திறந்தாள். அதில் வியப்பு எதுவும் இல்லை.

"மார்ச் மாசம் திரிஞ்சுபோன பாலை ஒரு டம்ளர் முழுசா குடிச்சியே. அன்னிக்கே தெரியும்."

அவளுக்குக் குரல் காற்றாகத்தான் வரும். ஃபெர்னான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"பூண்டை விடு. வெண்ணெய்ல நிறுத்தினே பாரு, அங்கேருந்து சொல்லு."