கூடுதல் வளையம்

எதிரி டாங்கி ஒன்றை அழித்தால், தங்கள் டாங்கியின் பீரங்கிக் குழலில் ஒரு வெள்ளை வளையம் வரைவார்கள். அன்று விடிந்தபோது ஒரு வளையம் கூடுதலாக இருந்தது. யாரும் வரையவில்லை.

பீரங்கி சுடும் வெண்டலின் அதைச் சுரண்டப் போனான்.

"கைய எடுடா!" என்றார் டாங்கித் தளபதி ஓஸ்டர்காம்ப். "பதக்கத்துக்கு அந்த ஒண்ணுதான் குறைஞ்சுது."

பகல் முழுவதும் எதிரி வரவில்லை. பொழுது சாய்கையில், பனிமூட்டத்திலிருந்து அவர்களுடைய சொந்தப் படையின் டாங்கி ஒன்று திரும்பி வந்தது.

"சுடு," என்றார் தளபதி.

"ஐயா, அதுல எங்க அண்ணன் இருக்கான்!"

"நம்ம வண்டிதானே? எங்க அடிச்சா எரியும்னு உனக்கே தெரியும்."

தளபதியின் கைத்துப்பாக்கி பிடரியில் பட்டது. வெண்டலின் சுட்டான்.

வசந்தத்தில் பதக்கத்தோடு தளபதியின் படம் செய்தித்தாளில் வந்தது. வெண்டலினின் அம்மா அதைக் கத்தரித்து மூத்தவன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். விடுப்பில் வந்த வெண்டலினிடம் சொன்னாள்: "நம்ம ஆல்வினைக் கொன்னவன இவரு சும்மா விடமாட்டாருடா."