ஏழு தண்டு ஏலக்காய்

"இது என் செடியே இல்லடி!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஹெல்லெவி இன்னும் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஜன்னலோரம் விளக்கு வெளிச்சத்தில் இருந்த ஏலக்காய்ச் செடி முன்னால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கத்தினாள்.

அவளைக் கூட்டி வந்த எதிர்வீட்டு சிர்க்கா பையைக் கீழே வைத்தாள். "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? தொட்டி உன்னோடதுதானே?"

"தொட்டி என்னோடது. செடி வேற! பென்டி வச்ச செடிக்கு ஒன்பது தண்டு. எண்ணிப் பாரு, இதுல ஏழுதான் இருக்கு. அவர் தூண்டில் நரம்பாலதான் கட்டுவாரு. இது சணல் கயிறு!"

பென்டி அவள் புருஷன். போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒற்றை விதையை ஈரத்துணியில் சுற்றி முளைக்க வைத்தவர் அவர்தான். வடதுருவத்தை ஒட்டிய இவாலோ ஊரில் குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே போகும். நடுக்குளிர்காலத்தில் சூரியன் ஒரு மாசத்துக்கு மேல் தலைகாட்டாது. அந்த ஊரில் ஏலக்காய்ச் செடியைப் பிழைக்க வைப்பது என்ன லேசா? மனுஷர் போன பிறகு ஹெல்லெவி அந்தச் செடியோடுதான் காலைக் காபி குடிப்பாள். சண்டைகூடப் போடுவாள்.

மூன்று வாரத்துக்கு முன் கம்பளம் உதற வாசலுக்குப் போனவள் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸில் படுத்தபடியே பக்கத்து வீட்டு ஆர்வோவிடம் சாவியைக் கொடுத்தாள். "செடிக்கு மட்டும் தண்ணி ஊத்திடு ஆர்வோ. மறந்துடாதே."

ஆர்வோவும் ஏலக்காய்ச் செடி வளர்க்கிறவன். யார் செடி உயரம் என்று ரெண்டு வீட்டுக்கும் பத்து வருஷமாகப் போட்டி.

"பாலுக்குப் பூனையைக் காவல் வச்சேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும்! போன்ல கேட்டப்பல்லாம் 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் பட்டுனு வச்சான். அவன் ஜன்னலைப் பாரேன். எந்நாளும் செடியை ஊருக்கே காட்டுறவன், இன்னைக்குத் திரை போட்டிருக்கான்!"

சிர்க்கா அந்தப் பக்கம் திரும்பாமல் பையிலிருந்த துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

சந்தேகம் வந்துவிட்டால் முறிந்த இடுப்பும் நடக்கும். ஹெல்லெவி பனியில் விந்தி விந்திப் போய் ஆர்வோ வீட்டுக் கதவைத் தட்டினாள். சிர்க்காவும் பின்னாலேயே ஓடினாள்.

"வாம்மா ஹெல்லெவி. இடுப்பு எப்படி இருக்கு?"

"இடுப்பு கிடக்கட்டும். என் செடி எங்க?"

"உன் வீட்லதான்..."

"பொய் சொல்லாதய்யா! திரையை விலக்கு."

ஆர்வோ நகரவில்லை. அவளே கைத்தடியால் திரையை ஒதுக்கினாள். ஜன்னல் மேடை காலியாக இருந்தது. தொட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறை மட்டும்தான்.

"யாருக்குக் கொடுத்தே?"

ஆர்வோ தலையைக் குனிந்தான். "செத்துப்போச்சு ஹெல்லெவி. குளிர்ல கருகிடுச்சு. நான் சரியாப் பார்த்துக்கல, தப்பு என்னோடதுதான். அதான் என் செடியை எடுத்து உன் தொட்டியில நட்டேன்."

"அவர் கையால வச்சதுய்யா அது! உன் செடி யாருக்கு வேணும்? ஒரு செடியைப் பார்த்துக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எதுக்கு வீறாப்பு? கொடு சாவியை. இனிமே என் வாசப்படியை மிதிக்காதே!"

"சரிம்மா" என்று சாவியைக் கொடுத்துவிட்டான்.

வழி முழுக்க அழுகையும் வசவும்தான். வீட்டுக்குள் வந்தும் ஓயவில்லை. "நீயே சொல்லு சிர்க்கா, மனுஷனா அவன்? தெரியாத்தனமா நம்பித் தொலைச்சேனே! ஊர் பூரா சொல்லாம விடமாட்டேன்."

"போதும், நிறுத்துடி!"

சிர்க்கா இப்படிக் கத்தி ஹெல்லெவி கேட்டதே இல்லை.

"சொல்லமாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணினேன். இதுக்கு மேல முடியல. நீ விழுந்த மறுநாள் காலையில உன் துணிமணி எடுக்க அவனோட நானும்தான் உள்ள வந்தேன். காத்தோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்து வச்சிட்டு நீ கம்பளம் உதறப் போயிருக்கே. அது ராத்திரி பூரா அப்படியே திறந்து கிடந்திருக்கு. நாங்க வந்து பார்த்தப்பவே செடி கறுத்துத் தொங்கிடுச்சு."

ஹெல்லெவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"அப்போ... அவன் ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என்னைத் திட்டினா அவ ரெண்டு நாள்ல ஆறிடுவா சிர்க்கா. தன்னைத் தானே திட்டிக்க ஆரம்பிச்சா ஆறவே மாட்டா'ன்னுட்டான்."