சீட்டு உயரம்

காலையில் எழுந்தான், பல் தேய்த்தான், காபி குடித்தான். மலைப்பாதையில் ஓட்டும் தன் தடித்த டயர் சைக்கிளை உருட்டிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனான்.

“இனிமே ரோட்டுலயும் ஓட்டிப் பாக்கலாம்னு இருக்கேன். லேசான சக்கரம் மாத்தினா வேகம் வருமா?”

“யானைக்குக் கொலுசு மாட்டினா மான் ஆயிடுமா சார்?” என்றார் கடைக்காரர். “வீட்ல மேடத்தோட ரோடு சைக்கிள் இருக்கே, அதை ஓட்டுங்க.”

“அதுல நான் கை வைக்கிறதில்ல.”

“பொண்டாட்டின்னா அவ்வளவு பயமா? எடுத்துட்டு வாங்க, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

அரைமனதாய்க் கொண்டுவந்தான். ஏறி உட்கார்ந்தபோது முழங்கால் நெஞ்சில் இடித்தது. கடைக்காரர் ஸ்பேனரை எடுத்தார். அவன் இறங்கி, சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டான்.

“ஏத்தாதீங்க. அது அவ உயரம்.”

“அவங்க ஓட்டும்போது இறக்கிட்டாப் போச்சு.”

“ஓட்ட மாட்டா. ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல.”

ஸ்பேனர் அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டு, “கடைசியா ஏதாவது பேசினாங்களா தம்பி?” என்றார்.

அவன் சீட்டிலிருந்து கையை எடுத்தான். அவள் சொன்னதை அப்படியே சொன்னான்.

“என் சைக்கிளைச் சும்மா போட்டு வைக்காதே. சீட்டை ஏத்திக்கோ, இல்லேன்னா முட்டி வலிக்கும்.”