டயரில் ஒரு முள்

“என்ன சார் இது, ட்யூப்லெஸ்ஸா? அதுவும் நீங்களா?”

மாடிப்படிக்குக் கீழே நிறுத்தியிருந்த ராஜகோபாலின் மலைச் சைக்கிளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் மகேஷ். பொழிச்சலூரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவன்தான் செயலாளர். ஆர்குட் இணையதளத்தில் ஒன்று சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் கல்குவாரிப் பாதைகளில் சைக்கிள் மிதிக்கப் போகும் கூட்டத்தில் ராஜகோபாலுக்குக் கூட்டாளியும்கூட.

ராஜகோபால் சிரித்து மழுப்பினார். “வயசாச்சுப்பா. சும்மா மாத்திப் பார்த்தேன்.”

“ட்யூப்தான் உசத்தி, பஞ்சு மாதிரி கனமே இருக்காது, முள்ளு குத்தினா பையிலேர்ந்து இன்னொண்ணை எடுத்து அஞ்சு நிமிஷத்துல மாத்திட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்னு வண்டலூர் வரைக்கும் என்கிட்ட சண்டை போட்டீங்களே சார். அந்த ஆளு எங்க போனாரு?”

இரண்டு டம்ளர் காபியோடு படியிறங்கி வந்த காந்தா, கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். வேறு நாளாக இருந்தால் அவளும் ஒரு வார்த்தை சேர்த்திருப்பாள். அரை டிராயரை மாட்டிக்கொண்டு புருஷன் கிளம்பும்போதெல்லாம், “பால் பாக்கெட் போடக் கிளம்பியாச்சா? அம்பது வயசுக்கு அழகா இருக்கு,” என்று வழியனுப்புகிறவள் அவள்.

“சீட்டு வேற இவ்வளவு கீழே கிடக்கு. முட்டி வலிக்காம என்ன செய்யும்?”

“அதான் ஒரு மாசமா நான் தொடறதே இல்லையே.”

“ஓட்டாத வண்டிக்குத்தான் புது டயரா?” என்று கேட்டபடி சக்கரத்தைச் சுற்றிவிட்ட மகேஷ், சட்டென்று பிடித்து நிறுத்தினான். “அப்ப இது எப்படி சார் வந்துச்சு?”

கருவேல முள். உள்ளே ஏறி, பாதியில் ஒடிந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து கிடந்தது.

“ட்யூப்லெஸ் டயருக்குள்ள ஊத்தற பால் மாதிரிப் பசை கசிஞ்சு ஓட்டையை அடைச்சிருக்கு. உங்க பழைய ட்யூப்பா இருந்தா அங்கேயே படுத்திருக்கும். கருவேலங்காடு இருக்கிற திருநீர்மலைப் பக்கம் யாரோ ஓட்டிக்கிட்டுப் போயிருக்காங்க சார்.”

“முள்ளுதானே. விடு மகேஷ்.”

“எப்படி சார் விடறது? இன்னிக்கு உங்க சைக்கிள், நாளைக்கு என் கார். துரை, இங்க வா.”

செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் துரை, குழாயைப் போட்டுவிட்டு வந்தான். டயரைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். காந்தா நின்ற பக்கம் மட்டும் பார்க்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் கேட்டைத் திறந்துவிடுகிறவன் அவன்தான். “காத்தடிக்கப் போறேன் துரை,” என்பாள். “சரிக்கா,” என்பான். காற்றடிக்கப் போனவள் வேர்க்க விறுவிறுக்க மத்தியானம் வந்து சேருவதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

“நான்தான் சார் எட்தேன். சும்மா ஒரு ரவுண்டு.”

“முள்ளுக் காட்டுல என்ன ரவுண்டு?”

“தெரியாம அந்தப் பக்கம் பூட்டேன் சார்.”

காந்தாவுக்குக் காது மடல் எரிந்தது. ட்யூப் இருந்த காலத்தில் ஒரு தடவை இப்படித்தான் முள் குத்திவிட்டது. அனல் பறக்கிற வெயிலில் மலையடிவாரத்திலிருந்து தள்ளிக்கொண்டே வந்து, பம்மலில் ஒரு கடையில் ஒட்டுப் போட்டு, துடைத்து, இருந்த இடத்திலேயே நிறுத்தினாள். இனி தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவள், முந்தாநாள் மறுபடியும் போனாள். முள்ளைப் பிடுங்கப் போய் ஒடித்தாள். பால் கசிவதைப் பார்த்துப் பயந்து துப்பட்டாவால் துடைத்தாள். புருஷனைப் பேசாத பேச்செல்லாம் பேசிவிட்டு, அவர் வண்டியைத் திருட்டுத்தனமாக எடுத்தவள் என்று இப்போது எந்த வாயால் சொல்வது?

“இந்த மாசத்தோட கிளம்பிக்கோ துரை. நாங்க வேற ஆள் பாத்துக்கறோம்.”

“மகேஷ், கொஞ்சம் இரு,” என்றார் ராஜகோபால்.

அதற்குள் காந்தா கடைசிப் படியையும் இறங்கிவிட்டாள். “அவன் எடுக்கல மகேஷ். நான்தான்.”

மகேஷ் சிரித்தான். “துரைக்குப் பரிஞ்சு பேசறதுக்கும் ஒரு அளவு இருக்குக்கா. நீங்க மட்டும் சைக்கிள்ல திருநீர்மலை போயிருந்தா நான் மீசையை எடுத்துடறேன்.”

“எடுத்துடுப்பா.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. காந்தா புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காபியைத்தான் பார்த்தாள். ஆடை படிந்திருந்தது.

“ஸ்கூல் படிக்கிறப்ப ஓட்டினது. ஆசையா இருந்துச்சுங்க. உங்களை அவ்வளவு கேலி பண்ணிட்டு எப்படிக் கேக்கறதுன்னு... இன்னொருத்தன் பொழப்புல மண்ணைப் போடப் பாத்தேன். இவ்வளவு விலை கொடுத்து வாங்கின உங்க டயரையும் பாழாக்கிட்டேன்.”

ராஜகோபால் துரையின் பக்கம் திரும்பினார்.

“ஏம்பா துரை, வாயைத் திறக்காதேன்னுதானே சொல்லி வச்சேன்? பழியை ஏத்துக்கன்னா சொன்னேன்?”

காந்தா நிமிர்ந்தாள். அவள் கையிலிருந்து ஒரு டம்ளரை வாங்கித் துரையிடம் நீட்டிவிட்டு அவர் சொன்னார்:

“பழைய ட்யூப்ல நான் போடாத ஒட்டு ஒண்ணு இருந்துச்சு, காந்தா. துரையைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ட்யூப் மாத்தத் தெரியாத ஆளு, இன்னொரு தடவை அந்த வெயில்ல தள்ளிக்கிட்டு வரக் கூடாதுன்னுதான் இந்த டயரையே வாங்கினேன்.”