வெளிமாநில ஓட்டு

2025 நவம்பர் 14, வெள்ளி, மாலை நான்கு பத்து, ஓசூரில் தூறல். இரவுப்பணி முடிந்து நெடுஞ்சாலையில் இறங்கி, இருட்டில் நடந்தே வீடு சேர்பவள் வஜிஹா. பெண்களைக் கம்பெனிப் பேருந்து வீட்டு வாசலில் இறக்கிவிடச் சட்டம் வேண்டும் என்று தன் கட்சியின் இணையதளத்தில் அவள் எழுதிய முன்மொழிவுக்கு ஆதரவு ஓட்டுகள் குவிந்திருக்கின்றன. ஆயினும் அவள் வந்து நிற்கும் நகரச் செயலாளர் கருப்பசாமியின் மேசைமீது கிடப்பது தலைமையின் நிராகரிப்புக் கடிதம். "ஓட்டுப் போட்டவங்க எல்லாம் வெளிமாநிலம்னு காட்டுதும்மா. அதெல்லாம் செல்லாதாம்." "எல்லையில இருக்கற நம்ம ஜூஜூவாடியில போன் கர்நாடகா டவரைத்தாண்ணா பிடிக்கும். அதுக்கு நாங்க என்ன பண்றது?" அவர் தம் கைப்பேசியைத் திறக்கிறார், அவர் அளித்த ஆதரவின் கீழும் 'கர்நாடகம்' என்றே இருக்கிறது. "என்னையே சேர்க்கலையே," என்று முனகுகிறார். "அப்ப மேல கேளுங்கண்ணா." "தலைமை முடிவு பண்ணிட்டா நான் என்னத்தம்மா கேக்கறது?" பேனா மூடியைப் பல்லால் கழற்றி, தம் ஓட்டும் செல்லாது என்னும் அந்த முடிவில் நிதானமாகக் கையெழுத்திட்டு, அவளிடம் நீட்டுகிறார்.