பால் வழு

"அம்மா, ஸ்பானிஷ்ல மேசை பொம்பளையாம்!"

செல்போனைப் பார்த்துக்கொண்டே கத்தினாள் ஜெஸ்லின். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த ஞானதீபம் டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை.

"பின்னே? வீட்டுல எல்லாப் பாரத்தையும் யாரு தாங்குறா?"

"சாவியும் பொம்பளை."

"சரிதான். உங்கப்பா கையில சாவி இருந்தா வீடு தொறந்தேல்ல கெடக்கும்."

"ஆனா, பிரச்சினை மட்டும் ஆம்பளையாம்மா."

"அந்த ஊர்க்காரன் விவரமானவன்தான்" என்றார் டீச்சர்.

ஜெஸ்லினுக்குச் சிவகாசியில் டயரி, காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. சிலி நாட்டிலிருந்து ஆர்டர் வந்ததும் முதலாளி அவளை ஸ்பானிஷ் படிக்கச் சொல்லிவிட்டார். போனில் இருக்கும் செயலிதான் வாத்தியார். அது தமிழில் கேள்வி கேட்கும், ஸ்பானிஷில் பதில் வாங்கும், தப்பைத் திருத்தும். நேற்றுச் சொன்னதை இன்றைக்கு ஞாபகம் வைத்துக்கொண்டு பேசும். அம்மாவோ அரசுப் பள்ளியில் வருஷக்கணக்காகத் தமிழ் இலக்கணம் நடத்துகிறவர். வீட்டுக்குள் இன்னொரு வாத்தியார் நுழைந்தால் சும்மா இருப்பாரா?

"மிக அருமை, ஜெஸ்லின்!" என்றது செயலி.

"எதுக்கெடுத்தாலும் அருமையா? எங்க ஸ்கூல்ல நான் இப்படிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா ஒரு பய புஸ்தகத்தைத் தொட மாட்டான்."

"உங்களுக்குப் பொறாமைம்மா."

"ஆமா, இதோட போட்டி போட்டுத்தான் எனக்குப் பென்ஷன் வரப்போகுது! அது கெடக்கட்டும். ராஜசிங் மாமா பொழுது சாயுறதுக்குள்ள முடிவு சொல்லச் சொல்லியிருக்காக. திருமங்கலத்து மாப்பிள்ளை வீட்டுல ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரலாமான்னு கேக்காகளாம். என்ன சொல்லட்டும்?"

ஜெஸ்லினின் முகம் வாடிவிட்டது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் மத்தியானத்திலிருந்து அவள் போனை விட்டு நகரவே இல்லை.

"ஸ்பானிஷ் பரீட்சை முடியட்டும்மா."

"மொதல்ல காலண்டர் சீசன் முடியட்டும்னே. பெறகு ஆர்டர் முடியட்டும்னே. இப்ப பரீட்சையா? பையன் நல்ல வேலையில இருக்கான், குடும்பமும் நல்ல குடும்பம். அம்புட்டு பேரும் என்னையத்தான் கேக்காக. நான் என்னட்டி பதில் சொல்ல?"

நல்லவேளையாகச் செயலி குறுக்கே வந்தது.

"அடுத்த பயிற்சி. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கே போனீர்கள்? 'நாங்கள்' என்று தொடங்கிச் சொல்லுங்கள்."

தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஜெஸ்லின் போன் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நொசோத்ரோஸ்..." என்று ஆரம்பித்து, ஆனைக்குட்டம் அணைக்குப் போனதையும் அங்கே மீன் வறுவல் சாப்பிட்டதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"ஒரு சிறு பிழை" என்றது செயலி. "அலுவலகத் தோழிகளோடு போனதாக நேற்றுச் சொன்னீர்கள். எல்லாரும் பெண்கள் என்றால் 'நொசோத்ராஸ்' என்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் ஒரே ஒரு ஆண் இருந்தாலும் 'நொசோத்ரோஸ்' ஆகிவிடும்."

டீச்சருக்குக் கீரை மறந்துபோனது.

"என்னட்டி சொல்லுது? நூறு பொம்பளைக்கு நடுவுல ஒரு ஆம்பளை நின்னா மொத்தமும் ஆம்பளைக் கணக்கா?"

"ஆமாம்மா. அநியாயமா இல்ல?"

"நம்ம ஊரு பயர் ஆபீஸ் வேன் கதையால்ல இருக்கு! வேன் நெறைய பொம்பளைகளா பட்டாசு வேலைக்கு ஏறிப் போனாலும், டிரைவர் பேரைச் சொல்லி சின்னச்சாமி வேன்னுதானே சொல்லுதோம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்க இலக்கணத்துல இதுக்குப் பேரு பால் வழு. ஆண்பாலையும் பெண்பாலையும் மாத்திச் சொல்ற தப்பு" என்றார் டீச்சர். "இதை முன்னாடியே படிச்சிருக்கியா?"

"போன வாரமே படிச்சிட்டேன். ஏதோ வாய் தவறி வந்துருச்சு."

ஜெஸ்லின் அவசரமாக 'நொசோத்ராஸ்' என்று மாற்றிச் சொன்னாள்.

"மிக அருமை! இந்தப் பாடம் முழுவதும் நீங்கள் செய்த ஒரே பிழை இதுதான்" என்று செயலி கைதட்டியது.

டீச்சர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தார்.

"அண்ணே, ஞானதீபம் பேசுதேன். திருமங்கலத்துக்காரகளை வர வேண்டாம்னு சொல்லிருங்க. கோவிச்சுக்கிடாதீக. ஆமாண்ணே, பிள்ளைக்குப் பரீட்சை."

ஜெஸ்லினால் நம்பவே முடியவில்லை. ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"என் செல்ல அம்மா! இந்தப் பரீட்சையில பாஸ் பண்ணிக் காட்டுறேன், பாருங்க!"

"கிழிச்சே. சரியான பதிலை அடிச்சிட்டுத் தப்பா எழுதுற பிள்ளை எங்கன பாஸாகும்?"

"நான் எங்கம்மா தப்பா எழுதினேன்? அதுவே மிக அருமைன்னு சொல்லிச்சே!"

"பாவம், அதுக்கு என்ன தெரியும்? நீ சொன்னதை அப்படியே நம்பிருச்சு." டீச்சர் கீரையை அள்ளிக்கொண்டு எழுந்தார். "உன் வாயில மொதல்ல வந்ததுதான்டி சரி. திருத்திச் சொன்னியே, அதுதான் வழு. உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அந்த ஒரே ஒரு ஆம்பளையை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு."